தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

"ஒன்ன தவிட்டுக்குத்தான் வாங்குனோம்" என்று பேரனைச் சீண்டாத பாட்டி மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இல்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சடங்கு இருக்கிறது. முதலில் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் கோயில் வாசலில் கொண்டுபோய் சாமிக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு ஒரு படி தவிட்டைக் கொடுத்து அதே பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இனி அது சாமியின் பிள்ளை, நாங்கள் வளர்க்கிறவர்கள் மட்டும். எமன் கணக்குப் பார்க்க வந்தால் இந்த வீட்டில் அவனுக்குச் சேரவேண்டியது ஒன்றுமில்லை. பிச்சை, குப்பை, தவிட்டம்மா என்று பழைய தலைமுறையில் கேட்கும் பெயர்கள் அந்தக் கணக்கிலிருந்து வந்தவை.

மென்பொருள்காரர்களிடமும் இதைப்போன்ற ஒரு பேச்சு உண்டு. 1993இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதள வெளியீட்டில், பார்த்துக்கொள்ள ஆளில்லாத பேக்கேஜுக்கு (நிறுவுவதற்குத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொதிக்கு) "ஓர்ஃபன்ட்", அதாவது அநாதை, என்றே பெயர். அப்படி விடப்பட்ட பேக்கேஜின் மேல் ஒரு பிழை அறிக்கை திறக்கப்படும். அதன் தலைப்பு "ஓ" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். எடுத்துக்கொள்ள வருபவர் அந்தத் தலைப்பை "ஐ.டி.ஏ." என்று மாற்றவேண்டும். "தத்தெடுக்க எண்ணம்" என்பதன் சுருக்கம் அது. இப்போதைக்கு நான் பார்க்கிறேன், ஆனால் வேறொருவர் வந்தால் நல்லது என்றால் "ஆர்.எஃப்.ஏ.", கைவிடவில்லை, ஒத்தாசை போதும் என்றால் "ஆர்.எஃப்.எச்." ஒருவரும் வராதவரை தரக் கண்காணிப்புக் குழுவின் பெயரில் பேக்கேஜ் இருக்கும், தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான மடுவத்தில் பிள்ளை ஆயா மடியில் இருப்பதைப்போல. பெர்ல் என்ற நிரல்மொழிக்காரர்களின் சிபான் களஞ்சியத்தில் "அடாப்ட்மி" என்ற பெயரிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. யாருமற்ற மாட்யூல்கள் (நிரல் தொகுதிகள்) அதன்கீழ் காத்திருக்கின்றன.

பிள்ளையும் பேக்கேஜும் ஒன்றல்ல. பேக்கேஜ் ராத்திரி இரண்டு மணிக்குப் பசித்து அழாது. இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவதற்குக் காரணம், மலையகத்தில் இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் வந்துசேர்வதுதான். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ நாலு பேரை வைத்து மென்பொருள் கடை நடத்துகிறவர் கோயில் கணக்கு மென்பொருளும் எழுதுவார். மேல் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அத்தை கொண்டுவரும் விண்ணப்பப் படிவத்தையும் நிரப்புவார். "கம்ப்யூட்டர் தெரிஞ்ச தம்பி" என்றால் தோட்டத்தில் எல்லாப் படிவமும் தெரிந்த தம்பி என்றே அர்த்தம். ஆகவே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இலங்கையில் தத்தெடுப்புக்குச் சட்டப் பெயர் மகவேற்பு. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதை ஆள்கிறது. பிள்ளைக்கு 14 வயது நிரம்பியிருக்கக் கூடாது. ஏற்பவருக்குக் குறைந்தது 25 வயது இருக்கவேண்டும். பிள்ளையைவிட 21 வயதாவது மூத்திருக்கவேண்டும். பேரப்பிள்ளை, உடன்பிறப்பு, துணையின் முந்தைய பிள்ளை என்றால் அந்த 21 வயது இடைவெளியை நீதிமன்றம் தளர்த்தலாம். அக்கா இறந்துபோக அவள் பிள்ளையை எடுக்கும் தங்கச்சி இந்தப் பட்டியலில் இல்லை, கவனிக்கவும். மலையகத்தில் அதிகம் கேட்கும் கேள்வியே அதுதான். 10 வயது தாண்டிய பிள்ளையின் சம்மதமும் வேண்டும். இருவர் சேர்ந்து ஏற்பதென்றால் அவர்கள் கணவன் மனைவியாக இருக்கவேண்டும். தனியாளான ஆண் ஒரு பெண்பிள்ளையை ஏற்பதற்கு விசேட காரணம் காட்டவேண்டும். பெற்றவர் உயிரோடு இருந்தால் அவர் சம்மதம் தேவை. இவ்வளவும் சரியாக இருந்தாலும், பணமோ பொருளோ கைமாறவில்லை என்று நீதிமன்றம் திருப்திப்படவேண்டும். சட்டத்தின்படி ஒரு படி தவிடு கூட ஆகாது.

எங்கே போவது என்பதில்தான் பலர் ஒரு நாள் சம்பளத்தை வீணாக்குகிறார்கள். நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் மாகாணவாரியாக இயங்குகிறது. நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டக்காரர்கள் மத்திய மாகாணத் திணைக்களத்துக்கும், பதுளைக்காரர்கள் ஊவாவுக்கும், இரத்தினபுரி, கேகாலைக்காரர்கள் சப்ரகமுவவுக்கும் போகவேண்டும். கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு பஸ் ஏறவேண்டியதில்லை. வெளிநாட்டு விண்ணப்பங்களுக்குத்தான் அது. நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதுவார். மாவட்ட நீதிமன்றம் அதை வைத்துக் கட்டளை பிறப்பிக்கும். கட்டளை பதிவாளர் நாயகத்தின் மகவேற்புப் பதிவேட்டில் ஏறியபிறகு அங்கிருந்து சான்றிதழ் வரும். அதன்பின் பள்ளிக்கூடத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் அதுவே பிறப்புச் சான்று.

வீடு பார்க்க வருகிற கட்டத்தில் லயத்துக் குடும்பங்கள் தயங்குவார்கள். வீடு தோட்டத்துடையது, உறுதிப்பத்திரம் கையில் கிடையாது. 7 பேர்ச் காணியில் கட்டிய புது வீடென்றாலும் பத்திரம் கைக்கு வராமல் இருக்கலாம். உத்தியோகத்தர் பார்ப்பது சொத்தை அல்ல, பிள்ளை வளரும் இடத்தை. தோட்ட நிர்வாகத்தின் வதிவிடக் கடிதம், கிராம உத்தியோகத்தரின் நற்சான்று, சம்பளச் சீட்டுகள், திருமணச் சான்றிதழ், இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள், மருத்துவ அறிக்கை ஆகியவற்றை முதல் நாளே ஒரு கோப்பில் அடுக்கிவிட்டால் அலைச்சல் பாதியாகும். கேட்கும் கடிதங்கள் அலுவலகத்துக்கு அலுவலகம் கொஞ்சம் மாறும். எதையும் மூலப்பிரதியாகக் கொடுத்துவிட்டு வராமல், உறுதிப்படுத்திய பிரதியைக் கொடுப்பது நல்லது.

திருமணச் சான்றிதழைச் சொன்னதும் சிலர் தலை குனிவார்கள். கோயிலில் தாலி கட்டிப் பதினைந்து வருடமாகியும் பதிவு செய்யாத தம்பதிகள் தோட்டத்தில் குறைவில்லை. அப்படியானால் முதல் வேலை விவாகப் பதிவாளரிடம்தான்.

சாமி முன்னால் கொடுத்து வாங்கியது போதாதா என்பது நியாயமான கேள்வி. நம்முடைய சாமிகளே எடுத்து வளர்க்கப்பட்டவர்கள்தானே. சரவணப் பொய்கையில் கிடந்த முருகனைக் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் வளர்த்தார்கள். கர்ணனைத் தேரோட்டி வீடு வளர்த்தது. மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு சூசையப்பர் இருக்கிறார். யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையில், மஞ்சள் நீர் குடித்துத் தத்தெடுக்கும் முறை எழுத்திலேயே இருக்கிறது. ஆனால் தேசவழமை யாழ்ப்பாணத்தாருக்குரியது. கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவருக்குரியது. மலையகத் தமிழருக்கு இரண்டும் பொருந்தாது, பொதுச் சட்டம் மட்டும்தான். மாரியம்மன் முன்னால் சொன்ன வாக்கு ஊரைக் கட்டும். நீதிமன்றத்தைக் கட்டாது.

வாய்மொழித் தத்து முறிகிற இடங்கள் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றே. முதலாவது, தரம் 1 அனுமதி. ஜனவரி 31இல் 5 வயது நிரம்பிய பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் வேறு பெயர் இருக்கும், அல்லது சான்றிதழே இருக்காது. அடுத்தது, சாதாரண தரப் பரீட்சைக்கு முன் எடுக்கவேண்டிய தேசிய அடையாள அட்டை. மூன்றாவதுதான் கொடுமை. வளர்த்தவர் இறந்தபின் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு. பின்னுரித்தாளியாக, அதாவது தனக்குப்பின் காசைப் பெறவேண்டியவராக, பிள்ளையின் பெயரை உயிரோடு இருக்கும்போதே எழுதிவைத்திருந்தால் தகராறில்லை. எழுதாவிட்டால் சட்டப்படி வாரிசு யார் என்ற கேள்வி வரும். இருபது வருடம் சோறு போட்டதற்கு அங்கே சாட்சி கிடையாது. மகவேற்புக் கட்டளை எடுக்க வயது தாண்டிவிட்ட பிள்ளை என்றாலும், பின்னுரித்தாளி நியமனத்தையும் மரணசாசனத்தையும் இன்றைக்கே செய்துவிடலாம். நொத்தாரிசுக்குக் கொடுக்கும் காசு திருவிழா முற்பணத்தில் அடங்கிவிடும்.

பிறப்பே பதியப்படாத பிள்ளைகளும் உண்டு. பிறந்து 42 நாட்களுக்குள் பதியவேண்டும் என்பது பொது விதி. நாள் பிந்தினாலும் காலங்கடந்த பதிவுக்கு வழி இருக்கிறது. பதிவே கிடைக்காதென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம். 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய ஒரு சமூகத்துக்கு, 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரைக்கும் காகிதம் என்றாலே ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்தின் மிச்சம் இப்போதும் கோப்புகளில் தெரியும். அரைகுறைப் பதிவுகளும் பாட்டன் பெயரில் நின்றுபோன ஆவணங்களும் அதன் மிச்சம்தான்.

இனி நம் தொழில் பக்கம் வருவோம்.

பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ முன்பள்ளிக்கோ மென்பொருள் செய்யும்போது மாணவர் அட்டவணையில் "தந்தை பெயர்", "தாய் பெயர்" என்று இரண்டு கட்டாயக் கட்டங்களைப் போட்டுவிடுகிறோம். மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குப் போன அம்மா, கொழும்பில் கடையில் நிற்கும் அப்பா, வளர்க்கும் பாட்டி என்று இருக்கும் ஊரில் இந்த வடிவம் முதல் நாளே உடையும். வகுப்பாசிரியை என்ன செய்வார்? தந்தை பெயர்க் கட்டத்தில் மாமா பெயரைப் போடுவார். அடுத்த வருடம் அதுவே உண்மையாகிவிடும். பிள்ளைக்கு ஒரு அட்டவணை, ஆட்களுக்கு ஒரு அட்டவணை, நடுவில் உறவு அட்டவணை ஒன்று என்று பிரித்துவிடுங்கள். உறவு அட்டவணையில் உறவின் வகை (பெற்றவர், மகவேற்பு செய்தவர், பாதுகாவலர், வளர்க்கிறவர்), தொடங்கிய நாள், முடிந்த நாள், ஆதாரமான ஆவணம், அவசரத்துக்கு அழைக்கவேண்டியவரா, பிள்ளையைக் கூட்டிப்போக அனுமதி உண்டா ஆகியவை தனித்தனிக் கட்டங்கள். கடைசி இரண்டையும் உறவின் வகையிலிருந்து கணித்துப் பெறக் கூடாது. பெற்ற அப்பாவாக இருந்தும் கூட்டிப்போக அனுமதியில்லாதவர் இருப்பார்.

குடும்பப் பெயர்க் கட்டத்தைக் கட்டாயமாக்காதீர்கள். நமக்கு அது கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். மகவேற்புக்குப் பிறகு அந்த முதலெழுத்து மாறும். பழைய பெயரை அழித்து எழுதாமல் பெயர் அட்டவணையில் புது வரிசை சேர்த்தால், தரம் 3இன் மதிப்பெண் அறிக்கையும் தரம் 6இன் அறிக்கையும் ஒரே பிள்ளையிடம் நிற்கும். அதேசமயம் பழைய பெயர் எல்லோர் திரைக்கும் வரக் கூடாது. மகவேற்பு என்ற செய்தி அதிபருக்குத் தெரியலாம், சாப்பாட்டுக் கணக்கு எழுதுகிறவருக்கு எதற்கு? அனுமதியை அட்டவணைக்குக் கொடுக்காமல் கட்டத்துக்குக் கட்டம் கொடுக்கவேண்டும். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கட்டும். அது இல்லாவிட்டாலும், பிள்ளை தன் கதையை ஒரு எக்ஸல் கோப்பிலிருந்து தெரிந்துகொள்ளக் கூடாது.

பெயர் எழுத்துக்கூட்டல் தனி வில்லங்கம். தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருக்கலாம், அடையாள அட்டையில் வேறு எழுத்து, ஈ.பி.எஃப். பதிவில் ஆங்கிலத்தில் மூன்றாவது வடிவம். ஒரே ஆளைக் கண்டுபிடிக்க எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது வீண். எல்லா வடிவங்களையும் முதலில் ஒரு பொதுச் சாவியாக, அதாவது ஒப்பிடுவதற்கான ஒரே எளிய வடிவமாக, சுருக்கவேண்டும். தமிழில் க ஒன்றுக்கு ஆங்கிலத்தில் கே, ஜி, எச் மூன்றும் வரும். ட, த, ப, ச எல்லாம் அப்படித்தான். ஆகவே ஒலிப்புள்ளவற்றையும் இல்லாதவற்றையும் ஒன்றாக்குங்கள். ஸ, ஷ, ஜ மூன்றையும் ச ஆக்குங்கள். ல, ள, ழ ஒன்று; ர, ற ஒன்று; ந, ன, ண ஒன்று. "இராமசாமி"யின் முன்னால் வரும் இகரத்தை உதறுங்கள். நெடிலைக் குறிலாக்கி, இரட்டித்த மெய்யை ஒற்றையாக்குங்கள். பிறகு அந்தச் சாவியில் ஓரிரு எழுத்து வித்தியாசத்தை அனுமதித்துத் தேடினால் ராமசாமியும் இராமஸாமியும் ஒரே வரிசையில் வருவார்கள். கூடவே பத்து வேறு ராமசாமிகளும் வருவார்கள். அதனால் கடைசி முடிவைக் கணினியிடம் விடவே கூடாது. தோட்டம், டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு), பிறந்த ஆண்டு மூன்றையும் பக்கத்தில் காட்டி மனிதக் கண்ணுக்கு விடவேண்டும்.

இந்த வேலைக்கு இன்னொரு தேவையும் இருக்கிறது. 1980களை மையமாகக் கொண்ட காலத்தில் ஏறத்தாழ 11,000 இலங்கைப் பிள்ளைகள் ஐரோப்பாவுக்குத் தத்தாகப் போனார்கள். அவர்களில் பலருடைய காகிதங்கள் பொய். பெற்றவளாக நடிக்க ஆள் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்திய கதைகள் வெளிவந்துவிட்டன. நெதர்லாந்துத் தொலைக்காட்சி 2017இல் இதை விரிவாகக் காட்டியபின், மரபணுத் தகவல் தொகுப்பு ஒன்று வேண்டும் என்று இங்கே அமைச்சர் மட்டத்திலேயே பேசப்பட்டது. முறைகேடுகள் பற்றிய விசாரணை அறிக்கைக்குப் பிறகு 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது. இலங்கைச் சட்டம் 1992இல் இறுக்கப்பட்டு, 1995இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பு பற்றிய ஹேக் உடன்படிக்கையும் ஏற்கப்பட்டது. ஆனால் அதற்குமுன் போன பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயதைத் தொட்டுவிட்டது, தேடி வருகிறார்கள். கையிலிருக்கும் காகிதத்தில் ஆங்கிலத்தில் தப்பாக எழுதிய ஒரு தாயின் பெயர், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு ஊர்.

உதவ நினைக்கும் டெவலப்பர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு பொதுத் தேடல் பக்கம் கட்ட நினைப்பார்கள். வேண்டாம். தேடப்படும் அம்மாவுக்கு இப்போது வேறு குடும்பம் இருக்கும். அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாமலிருக்கலாம். பெயர் வடிவங்களை உருவாக்கித் தரும் சிறு கருவி, ஊர்ப் பெயர்களின் பழைய எழுத்துக்கூட்டல் பட்டியல், ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுத்தல் ஆகியவை போதும். காகிதமே பொய்யாக இருக்கக்கூடும் என்பதால், பெயர் பொருந்திவிட்டது என்பதற்காக ஒரு கதவைத் தட்டக் கூடாது. மரபணுப் பரிசோதனை வரும்வரை அது ஊகம் மட்டுமே.

விசாரிக்காமல் கைமாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நம் தொழிலிலும் பாடம் இருக்கிறது. ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜை எழுதியவருக்கு அதில் ஆர்வம் போய்விட்டது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மின்னஞ்சலில் கேட்ட முகம் தெரியாத ஒருவருக்கு உரிமையைக் கொடுத்துவிட்டார். வந்தவர் 2018 செப்டம்பரில் அதற்குள் இன்னொரு பேக்கேஜைச் சொருகினார். அது ஒரு குறிப்பிட்ட பிட்காயின் பணப்பையைக் குறிவைத்த திருட்டு நிரல். நவம்பரில்தான் வெளியே தெரிந்தது. 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் நடந்த விவகாரம் இன்னும் நிதானமாகச் செய்யப்பட்டது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021இலிருந்து நல்ல பிள்ளையாகத் திருத்தங்கள் அனுப்பினார். 2022இல் வேறு பெயர்களில் சிலர் வந்து, வேலை தாமதமாகிறது, வேறு ஆளைச் சேருங்கள் என்று களைத்துப்போயிருந்த பழைய பராமரிப்பாளரை நச்சரித்தார்கள். ஜியா டானுக்கும் பராமரிப்பு உரிமை கிடைத்தது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி, வந்தது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு அரை விநாடி தாமதிக்கிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் தோண்டியதால் மார்ச் 29ஆம் திகதி அது பிடிபட்டது.

நன்னடத்தை உத்தியோகத்தர் வீடு பார்க்க வருவதைத் தொல்லை என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டையும் படிக்கவேண்டும். பைத்தான் நிரல்மொழி உலகம் இதற்கு விதியே எழுதிவைத்திருக்கிறது. பெப் 541 என்று பெயர். உரிமையாளரை எட்ட முடியவில்லை, 12 மாதமாக வெளியீடு இல்லை, திட்டத்தின் பக்கத்திலும் அவர் நடமாட்டம் இல்லை. மூன்றும் சேர்ந்தால்தான் அது கைவிடப்பட்டது. நிர்வாகிகள் குறைந்தது மூன்று முறை தொடர்புகொள்ள முயல்வார்கள், ஆறு வாரம் பார்ப்பார்கள். எடுக்க வருகிறவர் தானும் முயன்று பதில் கிடைக்கவில்லை என்று காட்டவேண்டும். தன் பிரதியில் ஏற்கனவே வேலை செய்திருப்பதைக் காட்டவேண்டும். வேறு பெயரில் தொடங்கினால் ஏன் ஆகாது என்றும் சொல்லவேண்டும். வெறும் ஆசைக்குக் கிடைக்காது. பிறந்த வீட்டின் பெயரும் அழிவதில்லை. எம்ஐடி என்ற திறந்த மென்பொருள் உரிமத்தில் முதலில் எழுதியவரின் பதிப்புரிமை வரியை எடுத்துவிட யாருக்கும் அனுமதியில்லை. மகவேற்பிலும் முதல் பிறப்புப் பதிவு கிழிக்கப்படுவதில்லை.

சரி, ஹட்டனில் கூடும் நம் மென்பொருள்காரர் வட்டத்தில் எதைத் தத்தெடுக்கலாம்? என் கட்சி: உலகப் பெருந்திட்டம் எதுவும் வேண்டாம், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருப்பதை யூனிகோட் என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு மாற்றும் கருவி ஒன்று போதும். கோயில் கணக்கும் மரண உதவிச் சங்கப் பட்டியலும் பள்ளிப் பதிவேடும் இன்னும் பாமினியில் கிடக்கின்றன. பழைய மாற்றிகள் பலவற்றுக்குப் பார்ப்பார் இல்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைக் "கொழுந்து" என்ற சொல்லை வைத்தே பார்க்கலாம். பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகள் கிடக்கும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். உள்ளே அவை ஆங்கிலச் சிறிய என், எஃப், எச். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பின்னால், அதுவும் ஒரே குறியாக. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பு முந்திய எழுத்தில் போய்த் தொங்கும். ஆகவே கொம்பு-மெய்-கால் என்ற மூன்று கூட்டை முதலில் பிடித்து மாற்றவேண்டும், பிறகு கொம்பு-மெய், கடைசியில் தனி எழுத்துகள். அடுத்த பொறி கௌ. பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதியும் ள என்ற எழுத்தும் ஒன்றுதான். கௌரி, சௌந்தரி, மௌனிகா வந்தால் கருவிக்கு முடிவெடுக்கத் தெரியாது. பெயர் அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைக்கவேண்டும். பெரிய ஆபத்து அடையாள அட்டை எண். பழைய எண் ஒன்பது இலக்கமும் ஆங்கில "வி"யும். பாமினியில் பெரிய "வி" என்பது ஏ. கோப்பு முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் எல்லா அட்டை எண்ணும் ஏகாரத்தில் முடியும். 2016இலிருந்து வந்த 12 இலக்க எண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை. வேர்ட், எக்ஸல் கோப்பென்றால் வெற்று எழுத்தாக எடுக்காமல், ஒவ்வொரு துண்டின் எழுத்துருப் பெயரையும் படித்து, பாமினி என்றிருப்பதை மட்டும் மாற்றினால் பாதித் தலைவலி போகும்.

ஊர் மென்பொருளின் கதை வேறு. செய்துகொடுத்த தம்பிக்குக் கொழும்பில் வேலை கிடைக்கும், அல்லது கட்டார் போய்விடுவார். கோயில் கமிட்டித் தலைவர் நிர்வாகக் கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார். சாமி காரியம்தானே என்று இலவசமாகச் செய்வதில் தப்பில்லை. ஒப்பந்தமில்லாமல் செய்வதுதான் தப்பு. டொமைனும் ஹோஸ்டிங்கும் கோயிலின் பெயரிலும் கோயிலின் மின்னஞ்சலிலும் இருக்கவேண்டும், தம்பியின் ஜிமெயிலில் அல்ல. ஆண்ட்ராய்டு செயலியின் கையொப்பச் சாவிக் கோப்பு மிக முக்கியம். கூகுளின் கையொப்ப ஏற்பாட்டில் சேர்க்காமல் அந்தச் சாவியைத் தொலைத்தால் அதே செயலிக்கு இனிப் புதுப்பிப்பு அனுப்பவே முடியாது. புதிதாகத் தொடங்கி எல்லோரையும் மறுபடி நிறுவச் சொல்லவேண்டும். எஸ்எம்எஸ் சேவையின் கணக்கு, காப்புப் பிரதி இருக்குமிடம், அதை மீட்டெடுக்கும் படிகள் எல்லாவற்றையும் தமிழில் இரண்டு பக்கம் எழுதி அச்சடித்து உறையிலிட்டு, கோயில் நகைப் பெட்டகத்தில் வைக்கலாம். அந்தப் பெட்டகத்துக்கு ஏற்கனவே இரண்டு சாவி, இரண்டு ஆள். நம்பிக்கையின் பேரில் நடக்கும் இடமே இரண்டு பூட்டு வைத்திருக்கிறது, நாம் ஏன் ஒரு ஆளை நம்பவேண்டும்? மீட்டெடுப்பை வருடத்துக்கு ஒருமுறையாவது புதிய ஆளைக்கொண்டு செய்துபாருங்கள். எழுதியவரே செய்தால் விட்டுப்போன படி தெரியாது.

திருவிழாவுக்கு முந்திய பத்து நாளில் எந்த மாற்றமும் ஏற்றக் கூடாது. காப்புக் கட்டியபின் வரவு செலவு உச்சத்தில் இருக்கும். அந்நேரம் ரசீது அச்சாகாவிட்டால் உபயகாரரிடம் பதில் சொல்வது அர்ச்சகர்தான்.

வட்டம் கூடுவதற்கு நாள் பார்ப்பது முகூர்த்தம் பார்ப்பதைப்போல. ஞாயிறு காலை பூசை, அத்தோடு பிள்ளைகளின் டியூஷன். போயா (பௌர்ணமி) விடுமுறைதான், ஆனால் டிசம்பர் உந்துவப் போயாவிலிருந்து மே வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். ஹட்டன், மஸ்கெலியா பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. மாசியில் காமன் கூத்து, அதன்பின் தோட்டம் தோட்டமாக மாரியம்மன் திருவிழா, ஆடியில் கதிர்காமம். மிஞ்சுவது மாதத்தின் இரண்டாம் சனி. கோயில் மண்டபத்தில் வைத்தால் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர்கள் ஒதுங்குவார்கள், சபை மண்டபத்தில் வைத்தால் மற்றவர்கள். ஆகவே நூலகம் அல்லது பள்ளிக் கணினி அறை. விளக்கேற்றலா ஜெபமா என்ற இழுபறிக்கு ஒரு நிமிட மௌனம் போதும். சாப்பாடு எப்போதும் சைவம். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் இருப்பார்கள், ரொட்டியும் சம்பலும் பருப்பும் என்றால் ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஏப்ரல், ஒக்டோபர் இடிமழைக் காலத்தில் ரவுட்டரின் மின் இணைப்போடு தொலைபேசி வயரையும் கழற்றிவிடுங்கள். இடி அந்த வயர் வழியாகவும் வரும்.

பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் முடிக்கவேண்டும். பெண்பிள்ளைகள் வராததற்கு ஆர்வமின்மையைக் காரணம் சொல்கிறவர்கள் பஸ் நேரத்தைப் பார்ப்பதில்லை. பொகவந்தலாவைக்கும் சாமிமலைக்கும் போகிறவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி, தேயிலைக்கு நடுவே டிவிஷன் வரை நடக்கவேண்டும். நாலு மணிக்கெல்லாம் பனி இறங்கிவிடும்.